டிவி பக்கத்தில் வைக்க எந்தக் கேபினெட்?

வீட்டு ஹாலில் டிவியோடு இணைக்க ஒரு கம்ப்யூட்டர் தேடுகிறவர்கள் வழக்கமாக இரண்டு நிபந்தனை வைக்கிறார்கள். பெட்டி சின்னதாக இருக்க வேண்டும். சத்தம் வரக் கூடாது. தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் எளிது, சேர்த்துக் கேட்கும்போதுதான் சிக்கல். பெட்டி சுருங்கச் சுருங்க உள்ளே காற்று போகும் வழி குறைகிறது. அதே சூட்டை வெளியேற்ற விசிறி இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது, இரைச்சல் ஏறுகிறது. இதுவரை வந்த கேபினெட்டுகளை வரிசையாகப் பார்த்தால், ஒவ்வொன்றும் எதையோ விட்டுக்கொடுத்துத்தான் எதையோ பெற்றிருக்கிறது என்பது தெரியும். எதை விட்டுக்கொடுக்கலாம் என்பது ஊருக்கு ஊர் மாறும் என்பதே என் கருத்து. குளிர்நாட்டு அறைகளை மனத்தில் வைத்துச் சொல்லப்படும் பரிந்துரைகளை மே மாதத்து மதுரையில் அப்படியே பின்பற்ற முடியாது.

ஸ்மார்ட் டிவியும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கும் வந்த பிறகு இப்படி ஒரு கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்கலாம். சந்தா கட்டிப் படம் பார்ப்பதோடு நிற்பவர்களுக்குத் தேவையில்லைதான். சொந்தமாக வாங்கிச் சேர்த்த ப்ளூ-ரே டிஸ்குகள், எந்த ஓடிடியிலும் கிடைக்காத பழைய படங்கள், தரம் குறைக்காமல் சேமித்த கச்சேரிப் பதிவுகள், குடும்ப வீடியோக்கள் என்று ஒரு சேகரிப்பு இருப்பவர்களுக்கு இன்றும் இதைவிட நல்ல வழி இல்லை. எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் வளர்ந்து 2014இல் கோடி எனப் பெயர் மாறிய இலவச மென்பொருள் அந்தச் சேகரிப்பை அழகாக அடுக்கித் தருகிறது. அதை மட்டுமே ஓட்டுவதற்கென்று லிப்ரெலெக் போன்ற சிறு லினக்ஸ் தொகுப்புகளும் இருக்கின்றன. மென்பொருள் பக்கம் ஏறக்குறைய தீர்ந்துவிட்ட விஷயம். தீராமல் நிற்பது பெட்டிதான்.

இந்தப் பெட்டிகளின் அளவை முடிவு செய்தவை மதர்போர்டுகள். 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் போர்டு 305க்கு 244 மி.மீ. இரண்டாண்டு கழித்து வந்த மைக்ரோ-ஏடிஎக்ஸ் இரு பக்கமும் 244 மி.மீ. தைவானின் வயா நிறுவனம் 2001இல் அறிவித்த மினி-ஐடிஎக்ஸ் வெறும் 170 மி.மீ. சதுரம். இன்றைக்குச் சின்ன கேபினெட் என்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை இந்த 17 செ.மீ. சதுரத்தைச் சுற்றிக் கட்டியவை. 2002இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்பி மீடியா சென்டர் பதிப்பை வெளியிட்டபோது, கம்ப்யூட்டரை ஹாலுக்குக் கொண்டுவரும் ஆசை ஒரு சந்தையாகவே மாறியது. ஆன்டெக், சில்வர்ஸ்டோன் போன்றவை ஆம்ப்ளிஃபயர் போலவே தோன்றும் கேபினெட்டுகளைச் செய்தன. 43 செ.மீ. அகலம், முன்னால் அலுமினியத் தகடு, எழுத்து ஓடும் சின்னத் திரை, ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. 2015இல் வந்த விண்டோஸ் 10 மீடியா சென்டரைக் கைவிட்டது. அந்தக் கேபினெட்டுகளும் மெல்ல மெல்ல அருகிவிட்டன. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அலங்காரம் போகட்டும், அந்தப் பெட்டிகளின் உள்ளே காற்றுக்கு இடம் இருந்தது.

காற்றின் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது. 60 வாட் சூட்டை உண்டாக்கும் ஒரு கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்வோம். உள்ளே நுழையும் காற்றைவிட வெளியேறும் காற்று 10 டிகிரிதான் கூடுதலாகச் சுட வேண்டும் என்று வைத்தால், நொடிக்கு 5 லிட்டர் காற்று ஓடினால் போதும். 120 மி.மீ. விசிறி ஒன்று நிமிடத்துக்கு 600 சுற்று என்ற சோம்பல் வேகத்திலேயே திறந்த வெளியில் நொடிக்கு ஏறத்தாழ 15 லிட்டர் தள்ளும். வலை, தூசி வடிகட்டி, கேபிள் குவியல் எல்லாம் சேர்ந்து அதில் பாதியைத் தின்றாலும் தேவைக்கு மேல் மிச்சம் இருக்கும். அந்த வேகத்தில் சுற்றும் விசிறியின் ஒலி, சோபாவில் இருப்பவர் காதுக்கு எட்டாது. ஆகவே 60 வாட்டுக்கு ஒரே ஒரு பெரிய விசிறி போதும். அந்த விசிறிக்கு இடம் தரும் கேபினெட் கிடைத்தால் பிரச்சினை அங்கேயே பாதி முடிந்தது.

சின்ன விசிறியால் ஏன் முடியாது? அதே காற்றைத் தள்ள அது பல மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டும், வேகத்துக்கு விலை அதிகம். ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் இரைச்சல் சுமார் 15 டெசிபல் இறங்கும் என்பது பொறியாளர்கள் நம்பிப் பயன்படுத்தும் விதி. 10 டெசிபல் இறக்கத்தையே காது ஏறத்தாழ பாதிச் சத்தமாக உணரும். ஒரே மாதிரி விசிறி இரண்டு வைத்தால் கூடுவதோ 3 டெசிபல் மட்டுமே. எனவே வேகமாகச் சுற்றும் ஒன்றைவிட மெதுவாகச் சுற்றும் இரண்டு மேல்.

ஒலியின் தன்மையும் வேறுபடும். ஏழு இறக்கை கொண்ட 40 மி.மீ. விசிறி 6,000 சுற்றில் ஓடினால் இறக்கைகளின் அடிப்படை ஒலி 700 ஹெர்ட்ஸில் விழும். அதன் மடங்குகள் மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதிக்குள் போய் நிற்கும். அதே ஏழு இறக்கை 120 மி.மீ. விசிறியில் 600 சுற்றில் எழுப்புவது 70 ஹெர்ட்ஸ் முனகல். வசனம் நின்று ஒரு முகம் மட்டும் திரையில் இருக்கும் காட்சியில் முதலாவது ஒரு ஊசிபோலக் கேட்கும். இரண்டாவது இருப்பதே தெரியாது. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் டெசிபல் எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தவற விடுகிறார்கள். அந்த எண் தடையில்லாத இடத்தில் தனியாக ஓடும் விசிறிக்கு அளந்தது. தகட்டில் குத்திய ஓட்டைகளுக்குப் பின்னால் நெருக்கி வைத்தால் அதே விசிறி கூடுதலாக இரையும்.

அடுத்த கேள்வி, நம் கம்ப்யூட்டர் எத்தனை வாட் சூடு தரும் என்பது. இங்கேதான் பத்தாண்டுகளில் நிலைமை தலைகீழாக மாறியது. ஒரு காலத்தில் உயர்தர வீடியோவை விரிக்க பிராசஸர் முழு மூச்சாக உழைக்க வேண்டியிருந்தது. இப்போது அதற்கென்றே தனிச் சுற்று சிப்புக்குள் இருக்கிறது. 10 பிட் ஹெச்இவிசி வீடியோவை இன்டெல்லின் ஏழாம் தலைமுறைச் சிப்புகளே சிரமமின்றி விரிக்கின்றன. புதிய ஏவி1 வடிவம் பதினோராம் தலைமுறையிலிருந்து சாத்தியமாயிற்று. 2023 தொடக்கத்தில் வந்த இன்டெல் என்100 சிப்பின் கணக்கு வெறும் 6 வாட், அதுவே 4கே படத்தை ஓட்டிவிடும். ஆஸ்ராக், ஏசுஸ் ஆகியவை அந்தச் சிப்பை ஒட்டி, விசிறியே இல்லாத ஹீட் சிங்க்கோடு மினி-ஐடிஎக்ஸ் போர்டுகளை விற்கின்றன. படம் பார்ப்பது மட்டுமே வேலை என்றால் இன்று சூடு பெரிய எதிரி அல்ல. கேம் விளையாட கிராபிக்ஸ் கார்டும் வேண்டும் என்று சொல்லும்போது கணக்கு 250 வாட்டுக்குத் தாவுகிறது, நொடிக்கு 20 லிட்டருக்கு மேல் காற்று கேட்கிறது. இந்த இரண்டு ஆசைகளையும் ஒரே சின்னப் பெட்டிக்குள் அடைக்க நினைப்பதே பல வீடுகளில் இரைச்சலின் தொடக்கம். இதில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது.

இனி பெட்டிகள். மிகச் சிறியவை இன்டெல்லின் நக் வகையறா, உள்ளங்கை அகலம், முக்கால் லிட்டர் கொள்ளளவு. 2023இல் இன்டெல் அந்தத் தொழிலிலிருந்து விலகி ஏசுஸ் அதை எடுத்துக்கொண்டது. இவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை அலுவலகங்களிலிருந்து கழித்துவிடப்பட்டுப் பழைய சந்தையில் கிடைக்கும் ஒரு லிட்டர் பெட்டிகள்: லெனோவோவின் திங்க்சென்டர் டைனி, டெல்லின் ஆப்டிபிளக்ஸ் மைக்ரோ, ஹெச்பியின் எலைட்டெஸ்க் மினி. டைனியின் கனம் 34.5 மி.மீ.தான். உள்ளே இருப்பவை பெரும்பாலும் 35 வாட் சிப்புகள். சும்மா இருக்கும்போதும் படம் ஓடும்போதும் இவை அமைதியானவை, விலைக்கு இவற்றை அடிக்க ஆள் இல்லை. ஆனால் உள்ளிருக்கும் சின்ன ஊதுவிசிறி வேலை கூடினால் சட்டென்று சீறும், அதை மாற்றிப் பெரிதாக வைக்கவும் வழியில்லை. பழையதாக வாங்குகிறவர் தலைமுறையைப் பார்த்து வாங்க வேண்டும்; ஏழுக்கு முந்தியதை எடுத்தால் வீடியோ விரிக்கும் வேலை பிராசஸர் தலையில் விழும், சீறல் நிரந்தரமாகிவிடும்.

கொஞ்சம் பெரியவற்றில் இன்வின் சோபின் எல்லோர் கண்ணையும் கவரும். சுமார் மூன்றே கால் லிட்டரில் ஒரு முழு மினி-ஐடிஎக்ஸ் போர்டு, மின்சாரம் மாற்றித் தரும் 150 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் உள்ளேயே. வடிவத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த அளவுப் பெட்டிகளில் என் தயக்கமெல்லாம் எஸ்எம்பிஎஸ் பற்றியது. மெலிந்த எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மெலிந்த விசிறிதான் போக முடியும். ஃப்ளெக்ஸ்-ஏடிஎக்ஸ் என்ற நீளக் கட்டை வடிவத்தில் வருவது 40 மி.மீ. விசிறி, பிராசஸருக்கு எவ்வளவு நல்ல கூலர் போட்டாலும் அந்தச் சின்ன விசிறியின் குரலே மேலே நிற்கும். இதைத் தவிர்க்க நல்ல வழி, மின்சாரத்தை மாற்றும் வேலையை வெளியே தள்ளுவது. லேப்டாப்புக்கு இருப்பது போன்ற அடாப்டரும், போர்டின் 24 பின் இணைப்பில் செருகும் பிக்கோ வகைச் சிறு தகடும் சேர்ந்தால் உள்ளே விசிறியும் இல்லை, மாற்றத்தில் எழும் சூடும் பெரும்பகுதி வெளியே. தின் மினி-ஐடிஎக்ஸ் போர்டுகள் 19 வோல்ட் அடாப்டரை நேராகவே ஏற்கும். மின்சாரம் ஏறி இறங்கும் ஊரில் இதற்கு இன்னொரு லாபம் உண்டு, அடாப்டர் போனால் தெருமுனைக் கடையில் வேறு வாங்கிவிடலாம்.

ஃபிராக்டல் டிசைனின் நோட் 202 போல கேம் கன்சோல் வடிவத்தில் வந்தவை கிராபிக்ஸ் கார்டு வேண்டுபவர்களுக்கானவை. 10.2 லிட்டர், 82 மி.மீ. உயரம், 31 செ.மீ. நீளக் கார்டுக்கு இடம். கார்டுக்குத் தனி அறை இருப்பது நல்ல யோசனை. பிராசஸர் பக்கத்தில் கூலருக்குக் கிடைப்பது 56 மி.மீ. உயரம்தான், அங்கே கேபினெட் விசிறிக்கும் இடமில்லை. சாதாரணச் சிப்புக்கு அது போதும்.

விசிறியே இல்லாத கேபினெட்டுகள்தான் இந்தத் துறையின் கனவு. ஸ்ட்ரீகாம், ஹெச்டிபிளக்ஸ், அகாசா ஆகியவற்றின் பெட்டிகளில் பிராசஸரின் சூட்டைச் செம்புக் குழாய்கள் ஏந்திப்போய்க் கனமான அலுமினியப் பக்கச் சுவரில் சேர்க்கும்; சுவரின் மடிப்புகளிலிருந்து அது அறைக் காற்றில் கலக்கும். செய்நேர்த்தி பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். ஸ்ட்ரீகாம் எஃப்சி8இன் அறிவிக்கப்பட்ட தாங்குதிறன் 65 வாட். இந்த எண்ணை நம் ஊரில் படிக்கும் முறை வேறு. ஹீட் சிங்க் எதுவானாலும் அறை வெப்பத்துக்கு மேல்தான் தன் கணக்கைத் தொடங்கும். 25 டிகிரி அறையில் 65 வாட் சிப் 80 டிகிரியில் நிலைகொள்கிறது என்று வைத்துக்கொண்டால், 38 டிகிரி அறையில் அது 93க்குப் போய்விடும். இன்டெல் சிப்புகள் பலவற்றின் எல்லை 100. பெட்டியைக் கதவு போட்ட மர அலமாரிக்குள் வைத்தால் மிச்சம் இருந்த 7 டிகிரியும் போய், சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதே பெட்டியில் 15 வாட் சிப் என்றால் ஏற்றம் 13 டிகிரி அளவில் நின்றுவிடும், எந்தக் கோடையும் அதைத் தொடாது. ஆகவே விசிறியற்ற கேபினெட் நம் ஊருக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை. அட்டையில் எழுதிய வாட்டில் பாதியைக்கூட நிரப்பாமல் வைத்திருக்கத் தெரிந்தவருக்கே அது ஆகும். மதர்போர்டில் பிராசஸர் அமரும் இடம் அந்தக் குழாய்களுக்குப் பொருந்துமா என்பதையும் முன்பே பார்க்க வேண்டும். எல்லாச் சத்தமும் அடங்கிய பெட்டியில் போர்டின் மின்சுருள்கள் எழுப்பும் மெல்லிய கீச்சொலி சிலருக்குக் கேட்கத் தொடங்கும். அதற்கு எந்தக் கேபினெட்டும் மருந்தல்ல.

நம் தட்பவெப்பத்தில் விசிறிக்குச் சாதகமான ஒரு விஷயமும் இருக்கிறது, இதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை என்பதால் விரித்துச் சொல்கிறேன். சித்திரை வெயிலில் கம்ப்யூட்டரின் விசிறி வேகமெடுக்கும்போது ஹாலில் சீலிங் ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும், அல்லது ஏசி இரைந்துகொண்டிருக்கும். மற்ற ஒலி எதுவும் அதற்கு மேல் கேட்காது. சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு உட்காரும் மார்கழி இரவில் அறை 24 டிகிரிக்கு வந்துவிடும். அப்போது கம்ப்யூட்டரின் விசிறிக்கும் வேலை இல்லை. அறை சூடாக இருக்கும் நேரமும் அறை இரைச்சலாக இருக்கும் நேரமும் நம் வீடுகளில் ஒன்றுதான். சூட்டுக்கு ஏற்ப வேகம் மாறும் நான்கு பின் விசிறி ஒன்று, மெதுவாகச் சுற்றப் பழக்கப்பட்டது, இந்த இயல்போடு பொருந்திப் போகிறது. முழு நிசப்தத்துக்காகப் பெருந்தொகை கொடுத்து இறக்குமதிப் பெட்டி வாங்குவதைவிட எனக்கு இது நியாயமாகப் படுகிறது.

அப்படியானால் எந்தப் பெட்டி? மினி-ஐடிஎக்ஸ் போர்டு கையில் இருந்தால் நோட் 304 போன்ற காலணிப்பெட்டி வடிவம். 19.5 லிட்டர், பின்னால் 140 மி.மீ. விசிறி, முன்னால் 92 மி.மீ. இரண்டு, கூலருக்கு 165 மி.மீ. வரை உயரம், ஹார்ட் டிஸ்க் ஆறு வரை. சின்னது என்று இதைச் சொல்ல முடியாது என்பார்கள். டிவிக்குக் கீழே உள்ள தட்டில் இதன் 21 செ.மீ. உயரம் காற்றுக்கு இடம் விட்டு அடங்குமானால் அதைவிடச் சின்னதாக ஏன் இருக்க வேண்டும் என்பதே என் கேள்வி. சென்னை ரிச்சி தெருவில் கேபினெட் என்று கேட்டால் முதலில் வருவது கண்ணாடியும் வண்ண விளக்கும் வைத்த டவர்தான். மினி-ஐடிஎக்ஸ் போர்டுகளும் இங்கே குறைவு, விலையும் கூட. எளிதாகக் கிடைப்பது மைக்ரோ-ஏடிஎக்ஸ். அந்தப் போர்டை வைத்திருப்பவர்களுக்கு சில்வர்ஸ்டோன் கிராண்டியா ஜிடி05 ஒரு நல்ல மாதிரி: 44 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம், 120 மி.மீ. விசிறி மூன்று. அதே பெட்டி கிடைக்காவிட்டாலும் அந்த அமைப்பு எதில் இருக்கிறது என்று தேடலாம். படுத்த வாக்கில் வைப்பது, 120 மி.மீ. விசிறி, சாதாரண எஸ்எம்பிஎஸ் இவை மூன்றும் இருந்தால் பெயர் எதுவானாலும் சரி.

கேபினெட் நன்றாக அமைந்தும் சத்தம் வருகிற வீடுகளில் பெரும்பாலும் குற்றவாளி ஹார்ட் டிஸ்க். 7,200 சுற்று டிஸ்க் 120 ஹெர்ட்ஸிலும், 5,400 சுற்று டிஸ்க் 90 ஹெர்ட்ஸிலும் ஓயாமல் அதிரும். டிஸ்க்கின் ஒலி தனியாகக் குறைவுதான். கேபினெட் தகடு வழியே அது டிவி யூனிட்டின் பலகைக்கு இறங்கும்போது, வீணையின் குடம்போல் பலகை அதை வாங்கிப் பெருக்கிவிடுகிறது. படம் ஓடும்போது பலகையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், விரல் நுனியில் ஒரு மெல்லிய நடுக்கம் தெரியும். பெட்டியை இரண்டு கையாலும் பலகையிலிருந்து ஒரு விரற்கடை தூக்கினால் ஹாலின் முனகல் சட்டென்று நிற்கும். ரப்பர் கால்கள், டிஸ்க் திருகுகளுக்கு ரப்பர் வளையம், இவை பெரிய செலவில்லாத மருந்து. இன்னும் நல்லது, டிவி பக்கத்துப் பெட்டியில் எஸ்எஸ்டி மட்டும் வைத்துக்கொண்டு, படங்கள் நிறைந்த டிஸ்குகளை வேறு அறைக்கு, நெட்வொர்க் கேபிளின் மறுமுனைக்கு அனுப்பிவிடுவது. போர்டின் அடிப்பக்கத்தில் எம்.2 எஸ்எஸ்டி போடும் இடம் இருந்தால் அங்கே காற்றே போகாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தூசி பற்றியும் சொல்ல வேண்டும். ஜன்னல் திறந்தே இருக்கும் வீட்டில் வடிகட்டி இல்லாத கேபினெட் ஆறு மாதத்தில் ஹீட் சிங்க் மேல் கம்பளி நெய்துவிடும். கழற்றிக் கழுவ முடிகிற வலை, அதுவும் பெட்டியை வெளியே இழுக்காமல் கழற்ற முடிகிற வலை, முன்பக்க விளக்குகளைவிட முக்கியம். பின்னால் திறந்து கிடக்கும் ஸ்லாட்டுகளை மூடிவிடுங்கள். வெதுவெதுப்பான இருட்டுப் பெட்டி பல்லிக்கும் கரப்பானுக்கும் பிடித்த இடம். முழு உலோகப் பெட்டி வைஃபையையும் புளூடூத்தையும் மறைக்கும் என்பதால் ஆன்டெனா வெளியே நிற்க வேண்டும். யூஎஸ்பி 3 துளைக்குப் பக்கத்திலேயே கம்பியில்லா கீபோர்டின் செருகியை வைத்தால் 2.4 கிகாஹெர்ட்ஸில் இடையூறு வரும், ஒரு முழ நீட்சிக் கேபிள் அதைத் தீர்க்கும். ரிமோட்டுக்கு ஃப்ளர்க் போன்ற யூஎஸ்பி ஏற்பி போதும், கேபினெட்டிலேயே அகச்சிவப்புக் கண் தேட வேண்டியதில்லை.

வாங்கக் கிளம்பும் முன் டிவி யூனிட்டை அளந்துகொள்ளுங்கள். உயரத்தில் மேலே குறைந்தது 5 செ.மீ. காற்றுக்கு விடுங்கள். ஆழத்தில் ஹெச்டிஎம்ஐ கேபிள் மடங்க 6, 7 செ.மீ. வேண்டும்; இதை மறந்து வாங்கிய பெட்டிதான் தட்டின் முன்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். தட்டுக்குக் கதவு இருந்தால் கழற்றிவிடுங்கள். பின்பலகை முழுதும் மூடியிருந்தால், தச்சரைக் கூப்பிட்டுக் கேபினெட்டின் விசிறிக்கு நேராக ஒரு சாண் அகலத்துக்கு அதை வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய பிறகு மிஞ்சும் அகலம், உயரம், ஆழம் மூன்றையும் எழுதிக்கொண்டு, அதற்குள் அடங்குவதில் எது பெரியதோ அதைக் கடையில் கேளுங்கள்.